டேங்க் வாங்கினீர்கள், பில் வாங்கினீர்களா?

20 சிசி பெட்ரோல் மாடல் விமானத்துக்கு, ‘எல்லா எரிபொருளுக்கும் ஏற்றது’ என்று போட்டிருந்த டேங்க்கை ஆன்லைனில் வாங்கினேன். சில நாளிலேயே உள்குழாய் ஊதிப்போய், அதன் நுனியில் எரிபொருளை உறிஞ்சும் எடைக்கட்டியான கிளங்க் கழன்றுவிட்டது. நான் பொருத்தியதுதான் தப்பு என்கிறார் விற்றவர்.
— சூரமங்கலம் வாசகர்

உங்கள் மேல் தப்பே இல்லை. சிலிகான் குழாய் மெத்தனால் கலந்த குளோ எரிபொருளுக்குத்தான் தாங்கும். பெட்ரோலில் ஊறி உப்பிவிடும். பெட்ரோலுக்கு டைகான் போன்ற குழாய் வேண்டும், மூடி ரப்பரும் அதற்கென்று செய்ததாக இருக்கவேண்டும். வெளியில் பார்த்தால் இரண்டு டேங்க்கும் இரட்டைப் பிள்ளைகள். எந்த எரிபொருளுக்கு என்று பாக்கெட்டில் ஒரு வரி அச்சடிக்க என்ன செலவாகிவிடும்? இந்த ஒரு வரி இல்லாததால் நானும் ஏமாந்தேன். என் விமானம் கடலைக்காட்டில் மூக்கு குத்தி விழுந்தது. டேங்க்கைத் திறந்தால், குழாய் ஊறின ஜவ்வரிசி மாதிரி விரலோடு வந்தது. பில்லைத் தொலைத்திருந்தேன், பேசாமல் இருந்துவிட்டேன். நீங்கள் விடாதீர்கள். அந்த விளம்பரப் பக்கத்தை உடனே படம் பிடித்து வையுங்கள், மாற்றிவிடுவார்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போடுங்கள். மசியாவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். விற்றவர் எந்த ஊராக இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் ஊரில் வழக்குப் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை. 2 வருடத்துக்குள் போடவேண்டும்.

சேலத்தில் நன்றாக ஓடிய குளோ எஞ்சின் ஏற்காட்டில் புகை கக்கித் திணறுகிறது. டேங்க்கை மாற்றச் சொல்கிறார் கடைக்காரர்.
— ஏற்காடு வாசகர்

மாற்றவேண்டாம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்று லேசு, அதனால் எரிபொருள் அதிகமாகிறது. எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகான நீடிலைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே திருகிப் பாருங்கள். கீழே இறங்கியதும் மறக்காமல் பழையபடி வையுங்கள்.

மூக்கைத் தூக்கினாலே எஞ்சின் அணைகிறது. மூன்று டேங்க் மாற்றிவிட்டேன். பில் எதுவும் இல்லை.
— அம்மாபேட்டை வாசகர்

மூன்று டேங்க் வாங்கியவர் ஒரு வாளித் தண்ணீர் எடுத்திருக்கலாம். காலி டேங்க்கின் குழாய்களில் ஒன்றை விட்டு மற்றதை அடைத்து, தண்ணீரில் முக்கி, சிரிஞ்சால் காற்றை அழுத்துங்கள். குமிழி வந்தால் அங்கேதான் ஓட்டை. வாயால் ஊதவேண்டாம், மெத்தனால் விஷம். அடுத்து டேங்க்கைக் குலுக்குங்கள்: கிளங்க் கிலுகிலுவென்று ஆடவேண்டும், பின்சுவரைத் தொடக்கூடாது, சுமார் 6 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். டேங்க்கின் நடுக்கோடு நீடில் மட்டத்திலோ கொஞ்சம் கீழேயோ இருக்கட்டும். இதையெல்லாம் பார்த்தீர்களா என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. நான்காவது வாங்கினால் எனக்கு எழுதாதீர்கள்.

டேங்க்கைச் சுற்ற ‘ஸ்பெஷல் ஃபோம்’ 450 ரூபாய். வாங்கலாமா?
— செவ்வாய்ப்பேட்டை வாசகர்

மெத்தைக்கடையில் மிஞ்சிய துண்டைக் கேளுங்கள். அதிர்வில் எரிபொருள் நுரைக்காமல் இருந்தால் போதும்.

காமலாபுரம் விமான நிலையம் பக்கம் காலி நிலம் இருக்கிறது. எத்தனை மில்லி டேங்க் வைக்கலாம்?
— ஓமலூர் வாசகர்

முதலில் வேறு காடு பாருங்கள்.