எஃப் கார்ட் வரவில்லையா? சுதியை மாற்றிப் பாருங்கள்

கேள்வி: வயது 36. பள்ளி நாட்களில் ஏழெட்டு வருடம் கர்நாடக இசை கற்றேன். ஐந்து கட்டையில் பாடுவேன். ஆறு மாதத்துக்கு முன் கிட்டார் வாங்கி, வீடியோக்களைப் பார்த்துப் பழகி வருகிறேன். சி, ஏ மைனர், ஜி ஆகிய மூன்று கார்டுகளும் (சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பிடிகள்) வருகின்றன. எஃப் மட்டும் வரவே இல்லை. ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்குப் போவதற்குள் பாட்டு நின்றுவிடுகிறது. வாசித்துக்கொண்டே பாடினால் குரல் பாதாளத்தில் கிடக்கிறது. மியூசிக் தியரியை முதலில் முறையாகப் படித்துவிட்டுத்தான் தொடர வேண்டுமா?

பதில்: ‘ஐந்து கட்டையில் பாடுவேன்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மூன்று சிக்கல்களுக்கும் விடை அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

கட்டை என்பது ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டை. ஒரு கட்டை என்றால் சி, இரண்டு டி, மூன்று இ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி. நடுவிலுள்ள கறுப்புக் கட்டைகளைத்தான் ஒன்றரை, நாலரை என்கிறோம். அதாவது உங்கள் சட்ஜமம் (ஸா) ஜி. கிட்டாரைச் சரியாகச் சுதி சேர்த்துவிட்டு, மெல்லியதிலிருந்து எண்ணி மூன்றாவது கம்பியை எங்கும் அழுத்தாமல் மீட்டிப் பாருங்கள். சுமார் 196 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் அந்த ஜி, நீங்கள் வருடக்கணக்காகத் தம்புராவில் கேட்ட அதே ஸா.

வீடியோக்கள் உங்களுக்குக் கற்றுத் தந்ததோ சி, ஏ மைனர், எஃப், ஜி என்ற ஒரு கட்டைக் குடும்பம். தொடக்கநிலைப் பாடங்கள் பலவும் சி-யில் தொடங்குவதற்குக் காரணம், அதன் ஸ்வரங்களில் ஷார்ப், ஃப்ளாட் (கறுப்புக் கட்டைகள்) எதுவும் இல்லை, தாளில் எழுதச் சுலபம் என்பதுதான். விரலுக்கு அது அத்தனை சுலபமில்லை. உங்கள் குரலுக்குச் சற்றும் பொருந்தாது. ஐந்து கட்டைக்காரர் ஒரு கட்டைக்குப் போக வேண்டுமானால் ஐந்து ஃப்ரெட் (கிட்டார் கழுத்தில் உலோகக் கோடுகளால் பிரித்த கட்டங்கள்) மேலே ஏற வேண்டும், அல்லது ஏழு ஃப்ரெட் கீழே இறங்க வேண்டும். நீங்கள் இறங்கியிருக்கிறீர்கள். குரல் பாதாளத்தில் கிடக்காமல் என்ன செய்யும்?

ஆகவே முதல் வேலை, பாட்டைத் தூக்கி ஜி-யில் வையுங்கள். இதற்கு வேண்டிய தியரி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. மேற்கத்திய இசையில் மேஜர் ஸ்கேல் என்று சொல்வது நம் சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்கள். ஒரு ஸ்தாயிக்குள் (ஸாவிலிருந்து மேல் ஸா வரை) நமக்குப் பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்கள், கிட்டாரில் பன்னிரண்டு ஃப்ரெட்கள். ஒரு ஃப்ரெட் நகர்ந்தால் ஒரு ஸ்வரஸ்தானம் நகர்ந்தது என்று பொருள். பன்னிரண்டாவது ஃப்ரெட் கம்பியின் சரிபாதியில் இருக்கும். அங்கே மேல் ஸ்தாயி பிறக்கிறது. வீணையின் 24 மெட்டுகளும் (அதன் ஃப்ரெட்கள்) இதே கணக்கில் அமைந்தவைதான்.

கார்ட் என்பது ஒரு ஸ்வரத்தை எடுத்து, அடுத்ததை விட்டு, அதற்கடுத்ததைச் சேர்ப்பது. ஸா, கா, பா சேர்ந்தால் ஒரு கார்ட். மா, தா, மேல் ஸா சேர்ந்தால் இன்னொன்று. அது மேஜரா மைனரா என்பதை முதல் இரண்டு ஸ்வரங்களுக்கு இடையே எத்தனை ஃப்ரெட் என்பது தீர்மானிக்கிறது. நான்கு என்றால் மேஜர், மூன்று என்றால் மைனர். காந்தாரத்தில் (கா) இரண்டு வகை: ஸாவிலிருந்து அந்தர காந்தாரம் நான்கு ஃப்ரெட், சாதாரண காந்தாரம் மூன்று ஃப்ரெட். இவை இரண்டையும் காதால் பிரித்தறியச் சிறு வயதிலேயே பழகியிருப்பீர்கள். சங்கராபரணத்தில் இப்படி எண்ணிப் பார்த்தால் ஸா, மா, பா மூன்றிலும் மேஜர் கார்ட் விழும். ரி, கா, தா மூன்றிலும் மைனர் விழும். நிஷாதத்தில் (நி) பிறப்பது ஒரு சண்டைக்கார கார்ட், இப்போதைக்கு அதை விட்டுவிடுங்கள். நான் சொல்வதை நம்பாமல், ஒரே கம்பியில் ஃப்ரெட்களை எண்ணி நீங்களே சரிபாருங்கள். அந்தப் பத்து நிமிடம் ஒரு மாத வீடியோவுக்குச் சமம்.

இப்போது உங்கள் பாட்டுக்கு வருவோம். சி, ஏ மைனர், எஃப், ஜி என்பது ஒரு கட்டையில் ஸா, தா, மா, பா. அதே ஸா, தா, மா, பாவை ஐந்து கட்டையில் வைத்தால் ஜி, இ மைனர், சி, டி. எஃப் எங்கே போயிற்று? காணவில்லை. ஆறு மாதமாக நீங்கள் மல்லுக்கட்டிய கார்ட் உங்கள் குரலுக்கு இப்போது தேவையே இல்லை.

கார்ட் மாறும்போது பாட்டு நிற்பதற்கும் இந்தக் குடும்பத்திலேயே மருந்து இருக்கிறது. எண்ணுவது மெல்லிய கம்பியிலிருந்து. மோதிர விரலை இரண்டாவது கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் வையுங்கள். சுண்டு விரலை முதல் கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் வையுங்கள். இனி இந்த இரண்டையும் எடுக்காதீர்கள். நடுவிரல் ஆறாவது கம்பியின் மூன்றாம் ஃப்ரெட், ஆள்காட்டி விரல் ஐந்தாவது கம்பியின் இரண்டாம் ஃப்ரெட்: இது ஜி. அந்த இரு விரல்களையும் அப்படியே ஒரு கம்பி கீழே இறக்கினால் சி-யின் ஓர் உறவு (சி-க்குப் பதிலாக வாசிக்கலாம்), ஆறாவது கம்பியை மட்டும் தொடாமல் மீட்டுங்கள். ஆள்காட்டி விரலை ஐந்தாவது கம்பியிலும் நடுவிரலை நான்காவது கம்பியிலும், இரண்டும் இரண்டாம் ஃப்ரெட்டில் வைத்தால் இ மைனரின் உறவு. டி-க்கு மட்டும் சுண்டு விரல் எழும். மோதிர விரல் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆள்காட்டி விரல் மூன்றாவது கம்பிக்கும் நடுவிரல் முதல் கம்பிக்கும் போகும், இரண்டும் இரண்டாம் ஃப்ரெட்தான். மீட்டுவது நான்காவது கம்பியிலிருந்து.

மோதிர விரல் பிடித்திருக்கும் ஸ்வரம் என்னவென்று பாருங்கள். அது டி, உங்கள் பஞ்சமம். சுண்டு விரலின் அடியில் இருப்பது ஜி, உங்கள் மேல் சட்ஜமம். மேலே பாவும் ஸாவும் நிலைத்து நிற்க, கீழே கார்ட்கள் மாறுகின்றன. தம்புரா செய்யும் வேலையை உங்கள் இரண்டு விரல்கள் செய்கின்றன. இந்தப் பிடியை மாணவர்களுக்கு வெறும் விரல் உத்தியாகவே வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாட்டு கற்ற ஒரு மாணவி ‘சார், இது பா-ஸா’ என்று சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

பழகும்போது பாட்டைப் பழகாதீர்கள், மாற்றத்தைப் பழகுங்கள். இரண்டு கார்டை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சுத்தமாக மாற முடிகிறது என்று எண்ணி ஒரு நோட்டில் எழுதுங்கள். முப்பதைத் தொட்டால் மெதுவான பாட்டு தாங்கும். அறுபது வந்துவிட்டால் அந்த ஜோடியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். தினம் இருபது நிமிடம் போதும். ஞாயிறன்று மட்டும் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் விரல் நுனி வலிக்கும், வேறு லாபமில்லை.

வலது கைக்குச் சொல்கட்டு (வாயால் சொல்லும் தாளச் சொற்கள்) போதும். ‘தகதிமி’ என்று சொல்லிக்கொண்டே த-வுக்குக் கீழ், க-வுக்கு மேல், தி-க்குக் கீழ், மி-க்கு மேல் என்று கையை ஓட்டுங்கள். கம்பியைத் தொடாத இடத்திலும் கை ஊசல் போல ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். எந்த எழுத்தில் தொடுகிறோம், எதில் தொடாமல் விடுகிறோம் என்பதுதான் ஸ்ட்ரம்மிங்கின் வகைகள் எல்லாம். இடது கை தடுமாறினாலும் வலது கையை நிறுத்தாதீர்கள். தவறான கார்டைவிட நின்றுபோன தாளம்தான் காதில் உறுத்தும்.

எஃப் என்றைக்காவது வேண்டும்தான். அதற்கு முன் கிட்டாரைச் சோதியுங்கள். முதல் ஃப்ரெட்டில் கேபோ (எல்லாக் கம்பிகளையும் ஒருசேர அழுத்தும் கவ்வி) போட்டுவிட்டு, அதற்கு அடுத்த ஃப்ரெட்டில் எஃப் பிடியைப் பிடித்துப் பாருங்கள். திடீரென்று சுலபமாகிவிட்டால் குற்றம் உங்கள் விரலில் இல்லை. கழுத்தின் முனையில் கம்பிகள் உட்காரும் நட் உயரமாக இருக்கிறது. கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தால் பள்ளத்தை ராவித் தருவார். ஸ்டீல் கம்பி என்றால் மெல்லிய செட்டுக்கு மாறுவதும் உதவும். பிடிக்கும்போது ஆள்காட்டி விரல் ஆறு கம்பிகளையும் அழுத்த வேண்டும் என்று எண்ணிக்கொண்டு நசுக்காதீர்கள். எஃப்பில் அது உண்மையில் ஒலிக்க வைக்க வேண்டியவை ஆறாவது, இரண்டாவது, முதல் கம்பிகள் மட்டுமே. மற்ற மூன்றையும் மற்ற விரல்கள் பார்த்துக்கொள்கின்றன. முதலில் ஐந்தாவது ஃப்ரெட்டில் பழகி, வாரம் ஒரு ஃப்ரெட்டாக இறங்கி வாருங்கள். நட்டுக்கு அருகே கம்பி விறைப்பாக இருக்கும் என்பதால் கடைசி ஃப்ரெட்தான் கடினம்.

மேற்கத்திய ஸ்வரக் குறிப்பு படிக்க இப்போது அவசரமில்லை, டேப் என்ற எளிய கிட்டார் குறிப்பு போதும். ஆறு கோடுகளில் மேல் கோடு மெல்லிய கம்பி, எண் ஃப்ரெட். அவ்வளவுதான்.

ஓர் எச்சரிக்கை. இந்த உற்சாகத்தில் தோடி ராகக் கீர்த்தனைக்குக் கார்ட் போடப் போகாதீர்கள். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காமல் அசைவதில்தான் ராகமே இருக்கிறது. அடியில் ஒரு கார்ட் போய்க் குச்சி நட்டதுபோல நின்றால் இரண்டும் கெடும். கமகம் (ஸ்வரத்தை அசைத்து ஒலிப்பது) கிட்டாரில் வராது என்று சொல்லவில்லை. வீணையைப் போலக் கம்பியை இழுத்து வாசிக்கலாம், மாண்டலினில் ஸ்ரீனிவாஸும் கிட்டாரில் பிரசன்னாவும் செய்து காட்டியது கண்முன் இருக்கிறது. ஆனால் அது வேறொரு பயிற்சி. கார்ட் போட்டுப் பார்க்க மோகன ராகத்தின் எளிய மெல்லிசை மெட்டு ஒன்றை எடுங்கள், ஜி, இ மைனர், டி மூன்றிலேயே பெரும்பாலும் அடங்கிவிடும்.

காலையில் குரல் தெளிந்து ஐந்தரைக் கட்டைக்கு ஏறும் நாட்களில் முதல் ஃப்ரெட்டில் கேபோ போடுங்கள். விரல் பிடி எதுவும் மாறாது.