வீட்டில் முதன்முறையாகக் காய்கறித் தோட்டம் போடுகிறேன், எந்த விதை வாங்கலாம்?

மொட்டை மாடியில் கொஞ்சம் இடம் இருக்கிறது, செடி வளர்த்துப் பழக்கமில்லை, எந்த விதையில் தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். விதை அப்புறம். எதை வளர்க்கலாம் என்பதை உங்கள் மாடியில் விழும் வெயில்தான் முடிவு செய்யும்.

ஒரு விடுமுறை நாளில் காலை 8, 11, பிற்பகல் 2, மாலை 4 மணிக்கு மேலே போய் நிழல் எங்கெங்கே விழுகிறது என்று பாருங்கள். நேர் வெயில் 6 மணி நேரமாவது கிடைத்தால் தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கொடிக்காய் எதையும் வைக்கலாம். மூன்று நான்கு மணி நேரம்தான் என்றால் கீரையும் புதினாவும். அதற்கும் கீழே என்றால் காய்கறி ஆசையை விட்டுவிடுவது நல்லது. நிழலில் வைத்த தக்காளி சாகாது, அதுதான் தொல்லை. நெடுநெடுவென்று வளர்ந்துகொண்டே இருக்கும், காய் மட்டும் வராது.

தொட்டியோ வளர்ப்புப் பையோ, பார்க்கவேண்டியது ஆழம். கீரைக்கு 6 அங்குலம் போதும். தக்காளி, கத்தரிக்கு ஓரடி ஆழமாவது வேண்டும், ஒரு பைக்கு ஒரு செடிதான். நாற்று சிறிதாக இருக்கும்போது பை காலியாகத் தெரியும். அதை நம்பி மூன்று நாற்றை நட்டால் மூன்றும் அரைகுறையாகத்தான் வளரும். வெறும் மண்ணை நிரப்பாதீர்கள். நீர் ஊற்ற ஊற்ற இறுகிவிடும், பாரமும் அதிகம்: 20 லிட்டர் பையில் ஈரமண் மட்டுமே நிரப்பினால் 30 கிலோவைத் தாண்டும். மண், மட்கிய உரம், தென்னை நார்க்கழிவு மூன்றும் சமமாகக் கலந்தால் போதும். நார்க்கழிவில் உப்பு இருக்கும் என்பதால் இரண்டு மூன்று முறை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துவிடுங்கள். அடியில் வடிதுளை கட்டாயம். துளைக்கு மேலே சரளைக்கல் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்று பலரும் சொல்வார்கள். வடியாது. நீர் கல்லுக்கு மேலுள்ள மண்ணிலேயே தேங்கி நிற்கும், வேருக்கு இருக்கும் இடமும் குறையும்.

இனி தண்ணீர். புதிதாகத் தொடங்குகிறவர்களின் செடிகள் காய்ந்து சாவதைவிட அழுகிச் சாவதே அதிகம் என்பது நான் பார்த்த வரையில் என் கணிப்பு. வேருக்கு நீர் வேண்டும், காற்றும் வேண்டும். மண் எந்நேரமும் சொதசொதவென்று இருந்தால் காற்றுக்கு இடமில்லாமல் வேர் அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது, இலை வாடும். வாடுகிறதே என்று நாம் இன்னும் ஊற்றுவோம்! ஆகவே ஊற்றும் முன் விரலை ஓரங்குலம் மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் தட்டுப்பட்டால் அன்றைக்கு வேண்டாம். காய்ந்திருந்தால் அடித்துளையில் வடியும்வரை நிறைய ஊற்றுங்கள். தினமும் மேலாக ஒரு குவளை தெளிப்பது கெடுதல், வேர் ஆழம் போகாமல் மேலேயே தங்கிவிடும். கடும் வெயிலில் மதியம் இலை துவண்டு மாலையில் நிமிர்ந்தால் பயப்பட ஒன்றுமில்லை. சில நாள் காயவிட்டு, சில நாள் வெள்ளமாக ஊற்றினால் தக்காளிக் காயின் அடிப்பகுதி கறுத்துப்போகும். அது நோய் அல்ல. நீர் சீராகப் போகாததால் காய்க்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

இப்போது விதைக்கு வரலாம். முதல் தடவைக்கு ஐந்தாறு பை போதும். இரண்டில் கீரை, ஒன்றில் முள்ளங்கி, மீதியில் வெண்டை, தக்காளி, மிளகாய். கீரையும் முள்ளங்கியும் ஏறக்குறைய ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். மற்றவற்றுக்குக் காத்திருக்க அது தெம்பு கொடுக்கும். வெண்டை, முள்ளங்கி, அவரை, கொடிவகைகளை நேரடியாகப் பையிலேயே ஊன்றுங்கள். தக்காளி, மிளகாய், கத்தரியை நாற்றுவிட்டு, நான்கைந்து வாரம் கழித்துப் பிடுங்கி நடவேண்டும், அல்லது நாற்றாகவே வாங்கிக்கொள்ளலாம். விதையின் பருமனைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும். மிளகாய் முளைக்க இரண்டு வாரம்கூட எடுக்கும், அதற்குள் கிளறிப் பார்க்காதீர்கள்.

உரத்துக்கு மாதம் ஒருமுறை இரண்டு கைப்பிடி மட்கிய உரம் போதும். மட்காத சாணத்தைப் போட்டால் வேர் வெந்துபோகும். இலையை வளர்க்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்தாலும் செடி கரும்பச்சையாகக் கொழித்து நிற்கும், பூ எடுக்காது.

பூச்சி வரும். இலையின் அடிப்பக்கத்தை இரண்டு நாளுக்கு ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அசுவினி (சாற்றை உறிஞ்சும் சின்னஞ்சிறு பூச்சி) கொஞ்சமாக இருந்தால் தண்ணீரைப் பீய்ச்சியே விரட்டலாம். மிஞ்சினால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குச் சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள்.

பூசணி, சுரை, பாகல் போன்ற கொடிகளை அடுத்த சுற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். அவற்றில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. முதலில் வருவது பெரும்பாலும் ஆண் பூதான், அது உதிர்ந்தால் கவலைப்படாதீர்கள். பெண் பூவின் அடியில் குட்டிக் காய் இருக்கும். மாடிக்குத் தேனீ வராவிட்டால் அந்தக் குட்டிக் காய் வளராமல் மஞ்சளாகி உதிரும். அப்போது பூசணியென்றால் காலையில், சுரையென்றால் அது மலரும் மாலையில், ஆண் பூவைப் பறித்து அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவிவிடுங்கள்.