மூன்றாவது பெட்டி ஏன் கீழே விழுகிறது?

வாசகரின் கேள்வி: வலைப்பக்கம் செய்ய எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் அடிப்படையை முடித்துவிட்டேன். நிறம், எழுத்துரு, மெனு எல்லாம் போட வருகிறது. லேஅவுட் மட்டும் கைக்கு அடங்கவில்லை. 1200 பிக்சல் அகலத்தில் ஒரு வெளிப்பெட்டி, அதற்குள் ஃப்ளோட் (பக்கவாட்டில் ஒதுக்கி நிறுத்தும் விதி) போட்டு மூன்று பெட்டிகள், ஒவ்வொன்றும் 30% அகலம், நாலாபுறமும் 20 பிக்சல் பேடிங் (எழுத்துக்கும் பெட்டியின் விளிம்புக்கும் நடுவே விடும் இடம்). லேப்டாப்பில் சரியாக நின்றது. அழகுக்காக 1 பிக்சல் பார்டர் சேர்த்ததும் மூன்றாவது பெட்டி கீழே விழுந்துவிட்டது. போனில் பார்த்தால் பக்கம் பக்கவாட்டில் நகர்கிறது. வெளிப்பெட்டியை 100% ஆக்கினால் போனிலும் பெட்டி விழுகிறது. டேபிள் போட்டால் விழாது என்கிறார் ஒரு பயிற்றுநர். தயார்நிலையில் கிடைக்கும் சிஎஸ்எஸ் தொகுப்பான பூட்ஸ்டிராப்பைக் கற்றுக்கொள் என்கிறார் நண்பர். ஒரு பயிற்சி மையம் ‘அட்வான்ஸ்டு சிஎஸ்எஸ்4’ என்று சொல்லித் தனிக் கட்டணம் கேட்கிறது. சேரட்டுமா?

பதில்:

சேர வேண்டாம். உங்கள் பக்கத்தில் இருப்பது ஒரு கூட்டல் கணக்கு. அதைப் புரிந்துகொண்டால் நீங்கள் கேட்டதில் பாதி தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்கும் பணம் தேவையில்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 1200-இல் 30% என்றால் 360. நீங்கள் 360 அகலத்தில் ஒரு பெட்டி கேட்டதாக நினைக்கிறீர்கள். பிரவுசர் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. அகலம் என்று நீங்கள் சொல்வதை உள்ளே இருக்கும் எழுத்துக்கான இடமாக மட்டும் எடுத்துக்கொண்டு, பேடிங்கை அதற்கு வெளியே கூட்டுகிறது. இடது 20, வலது 20 சேர்ந்து பெட்டி 400 ஆகிறது. மூன்று பெட்டி சேர்ந்தால் சரியாக 1200. அதாவது உங்கள் பக்கம் லேப்டாப்பில் ஒரு பிக்சல்கூட மிச்சமில்லாமல் நின்றுகொண்டிருந்தது. 30 என்ற எண்ணை நீங்கள் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பார்டர் வந்ததும் ஒவ்வொரு பெட்டிக்கும் 2 பிக்சல் கூடி, மொத்தம் 1206. இடம் போதாததால் மூன்றாவது பெட்டி அடுத்த வரிசைக்குப் போய்விட்டது. 360 பிக்சல் அகலமுள்ள போனில் 30% என்பது 108. பேடிங்கும் பார்டரும் சேர்ந்து 150. இரண்டு பெட்டி நிற்கும், மூன்றாவதுக்கு இடமில்லை.

இதில் உங்கள் தவறு குறைவு. 1996 டிசம்பரில் வந்த முதல் சிஎஸ்எஸ் தரத்திலிருந்தே கணக்கு இப்படித்தான். சிஎஸ்எஸ்ஸை வடிவமைக்கும் பணிக்குழுவே தன் வடிவமைப்பில் நேர்ந்த தவறுகள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது; அதில் இதுவும் உண்டு. மாற்றினால் உலகத்தில் உள்ள பழைய பக்கங்கள் எல்லாம் குலையும் என்பதால் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். அந்தக் காரணம் எனக்குப் புரிகிறது. ஆனால் இது தவறென்று தெரிந்த பிறகும் எத்தனையோ பாடத்திட்டங்களில் முதல் வகுப்பிலேயே இதைச் சொல்லித் தருவதில்லை. அதை என்னால் ஏற்க முடியவில்லை. மாணவர்கள் மாதக்கணக்கில் 30, 29.5, 28 என்று எண்களை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

தீர்வு ஒரே வரி. ஸ்டைல்ஷீட்டின் தொடக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டு, எல்லா உறுப்புகளுக்கும் ‘பாக்ஸ்-சைசிங்: பார்டர்-பாக்ஸ்’ என்று எழுதிவிடுங்கள். அதன்பிறகு 360 என்றால் பேடிங், பார்டர் எல்லாம் சேர்த்து 360. எந்தப் பக்கம் எழுதினாலும் முதல் வரி இதுவாகவே இருக்கட்டும்.

சரி, இத்தோடு நிறுத்தலாமா? நிறுத்தினால் பெட்டி விழாது, ஆனால் போனில் மூன்று பெட்டிகளும் நசுங்கி நிற்கும். அதனால் ஃப்ளோட்டை எடுத்துவிடுங்கள். படத்தைச் சுற்றி எழுத்து ஓட வேண்டுமென்றால் அதைப் பயன்படுத்தலாம், அதுதான் அதன் வேலை. பக்கத்தைப் பிரிக்க வேறு வழி இல்லாத காலத்தில் எல்லோரும் அதை இழுத்துப்பிடித்து ஓட்டினோம். 2017 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ், குரோம், சஃபாரி மூன்றும், பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் கிரிட்டைக் கொண்டுவந்துவிட்டன. பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15-ஆம் தேதி முடித்துக்கொண்டது. இதற்குப் பிறகும் ஒரு மையம் ஃப்ளோட்டில் மூன்று வாரம் ஓட்டிவிட்டு, கடைசி நாளில் கிரிட்டை அரை மணி நேரம் காட்டுகிறது என்றால், அங்கே பாடத்திட்டத்தை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

வெளிப்பெட்டியில் ‘விட்த்: 1200 பிக்சல்’ என்பதை ‘மேக்ஸ்-விட்த்: 1200 பிக்சல்’ ஆக்குங்கள். போனில் பக்கம் பக்கவாட்டில் நகர்வதற்குக் காரணம் அந்த ஒரு சொல்தான். 1200-க்கு மேல் போகாதே என்று சொல்ல வேண்டிய இடத்தில், 1200 இருந்தே தீர வேண்டும் என்று சொல்லியிருந்தீர்கள். பக்கவாட்டில் 16 பிக்சல் பேடிங் கொடுங்கள். அதே பெட்டிக்கு ‘டிஸ்ப்ளே: கிரிட்’, உள்பெட்டிகளுக்கு நடுவே இடைவெளி விட ‘கேப்: 20 பிக்சல்’. அப்புறம் இந்த வரி:

கிரிட்-டெம்ப்ளேட்-காலம்ஸ்: ரிப்பீட்(ஆட்டோ-ஃபிட், மின்மேக்ஸ்(280 பிக்சல், 1எஃப்ஆர்));

பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் பொருள் எளிது: ஒவ்வொரு பெட்டிக்கும் குறைந்தது 280 பிக்சல் வேண்டும், அப்படி எத்தனை கொள்ளுமோ அத்தனையை வரிசையில் வை, மிச்ச இடத்தைச் சமமாகப் பங்கிடு. லேப்டாப்பில் மூன்று பெட்டியும் ஆளுக்கு 376 எடுத்துக்கொள்ளும். 768 பிக்சல் டேப்லெட்டில் இரண்டு மேலே, ஒன்று கீழே. போனில் ஒன்றன்கீழ் ஒன்று. திரையின் அகலத்துக்கேற்ப விதியை மாற்றும் மீடியா குவெரி எதுவும் எழுதாமலே இது நடக்கிறது. உள்பெட்டிகளில் இருக்கும் 30% அகலத்தை மறக்காமல் அழித்துவிடுங்கள். விட்டால் அது தன் கட்டத்துக்குள் 30% ஆகி ஒல்லியாக நிற்கும்.

கிரிட்டா ஃப்ளெக்ஸ்பாக்ஸா என்று அடுத்து குழம்புவீர்கள். மெனு, பட்டன் வரிசை மாதிரி ஒரே திசையில் ஓடுவதற்கு ஃப்ளெக்ஸ். வரிசையும் நெடுவரிசையும் சேர்ந்து வருவதற்கு கிரிட். இப்போதைக்கு இந்த அளவு போதும்.

பக்கம் இன்னமும் பக்கவாட்டில் நகர்ந்தால் மூன்று இடங்களைப் பாருங்கள். படங்களுக்கு ‘மேக்ஸ்-விட்த்: 100%’, ‘ஹைட்: ஆட்டோ’ இருக்கிறதா? எங்காவது அகலத்துக்கு 100விடபிள்யூ (சாளரத்தின் முழு அகலம்) என்று போட்டிருக்கிறீர்களா? அது ஸ்க்ரோல்பார் பிடித்திருக்கும் இடத்தையும் சேர்த்து எண்ணிவிடும், 100% போடுங்கள். மூன்றாவது, உடையாத நீளமான சொல். தமிழில் பக்கம் செய்பவர்களுக்கு இது அடிக்கடி வரும். சொல்லோடு விகுதியும் வேற்றுமையும் ஒட்டி ஒட்டி ஒரே சொல் பெட்டியைத் தாண்டிப் போய்விடும். ‘ஓவர்ஃப்ளோ-ராப்: எனிவேர்’ போட்டால் அடங்கும். கூடவே லைன்-ஹைட்டை 1.6 அளவில் வைத்துப் பாருங்கள். நம் எழுத்தில் மேலே விசிறியும் கீழே சுழியும் இருப்பதால் 1.2-இல் வரிகள் முட்டிக்கொள்கின்றன.

எது பிதுங்குகிறது என்று கண்டுபிடிக்க, எல்லா உறுப்புகளுக்கும் தற்காலிகமாக 1 பிக்சல் சிவப்பு அவுட்லைன் போடுங்கள். பார்டர் போடாதீர்கள். அவுட்லைன் இடம் பிடிப்பதில்லை, அதனால் கணக்கு மாறாது. எஃப்12 அழுத்தி வரும் டெவலப்பர் கருவியில் எந்தப் பெட்டியைத் தொட்டாலும் அதன் அகலம், பேடிங், பார்டர், மார்ஜின் நான்கையும் படமாகக் காட்டும். தினமும் அந்தப் படத்தைப் பார்த்துப் பழகுங்கள். எந்த வகுப்பைவிடவும் அதிகம் கற்றுத்தரும்.

இனி டேபிள் விஷயம். உங்கள் பயிற்றுநர் சொன்னது தவறு. வலைப்பக்கத்தின் லேஅவுட்டுக்கு டேபிள் வேண்டாம். மதிப்பெண், அட்டவணை, விவரப்பட்டியல் ஆகியவற்றுக்கு மட்டும் போடுங்கள். பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர், லேஅவுட்டுக்குப் போட்ட டேபிளையும் அட்டவணை என்று எண்ணி, வரிசை எண், நெடுவரிசை எண் சொல்லிப் படிக்கத் தொடங்கினால் அவர்களுக்கு ஒன்றும் விளங்காது.

ஆனால் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கு முதலில் வரக்கூடிய வேலையே அதுவாக இருக்கலாம். மின்னஞ்சல். செய்திமடல், விளம்பரக் கடிதம் என்று யாராவது எச்டிஎம்எல் மின்னஞ்சல் செய்துதரச் சொன்னால் மேலே சொன்ன எதையும் அங்கே கொண்டுபோகாதீர்கள். விண்டோஸ் கணினிகளில் நிறுவிப் பயன்படுத்தும் பழைய வகை (கிளாசிக்) அவுட்லுக், 2007 பதிப்பிலிருந்து மின்னஞ்சலைக் காட்டுவதற்கு வேர்டின் இயந்திரத்தைப் பயன்படுத்தத் தொடங்கியது. ஆமாம், கடிதம் தட்டச்சு செய்யும் அதே வேர்ட். அதற்கு ஃப்ளெக்ஸும் தெரியாது, கிரிட்டும் தெரியாது. அங்கே டேபிளுக்குள் டேபிள் வைத்து, அகலத்தை எச்டிஎம்எல்லிலேயே எண்ணாகக் கொடுத்து, ஸ்டைலை ஒவ்வொரு உறுப்பிலும் நேரடியாக எழுதினால்தான் நிற்கும். மொத்த அகலம் 600 பிக்சல் என்று வைத்துக்கொள்வது வழக்கம். வலைப்பக்கத்துக்கு எழுதிய நல்ல சிஎஸ்எஸ்ஸை அப்படியே மின்னஞ்சலில் ஒட்டி அனுப்பிவிட்டு, வாடிக்கையாளரின் அவுட்லுக்கில் எல்லாம் ஒரே நெடுவரிசையாகச் சரிந்து கிடப்பதைப் பார்த்து நொந்தவர்கள் நிறைய. அப்படி நடந்தால் உங்கள் திறமையைச் சந்தேகிக்காதீர்கள். மின்னஞ்சல் வேறு உலகம். அங்கே டேபிள் சரி, பக்கத்தில் டேபிள் தவறு. ஒருவேளை உங்கள் பயிற்றுநர் மின்னஞ்சல் வேலையிலிருந்து வந்தவராக இருக்கலாம்.

பூட்ஸ்டிராப்பை நான் பழிக்கவில்லை. 2011-இல் ட்விட்டரில் வேலை பார்த்தவர்கள் வெளியிட்டது. இலவசம், நல்ல கருவி. ஆனால் அதைச் சேர்த்த உடனே உங்கள் சிக்கல் பாதி மறைந்துவிடும், காரணம் அதுவும் உள்ளுக்குள் பார்டர்-பாக்ஸ் வரியைத்தான் போட்டிருக்கிறது. ஏன் மறைந்தது என்று உங்களுக்குத் தெரியாது. அடுத்த முறை அதற்குள்ளேயே ஏதாவது உடைந்தால் மற்ற விதிகளை மீறவைக்கும் ‘இம்பார்ட்டன்ட்’ என்பதை வரிக்கு வரி ஒட்டத் தொடங்குவீர்கள். இரண்டு மாதத்தில் எந்த விதி எதை வெல்கிறது என்று உங்களுக்கே தெரியாத கோப்பு கையில் இருக்கும். கிரிட், ஃப்ளெக்ஸ் இரண்டும் கைக்கு வந்தபின் எடுத்தால் பூட்ஸ்டிராப்பை ஒரு வாரத்தில் பிடித்துவிடலாம்.

கட்டணம் கேட்கும் மையத்தைப் பற்றி நேராகவே சொல்கிறேன். ‘சிஎஸ்எஸ்4’ என்று ஒரு பதிப்பே கிடையாது. 2.1-க்குப் பிறகு சிஎஸ்எஸ்ஸைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்துவிட்டார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் தனி நிலை எண். எந்த உறுப்புக்கு விதி என்று குறிக்கும் செலக்டர்கள் 4-ஆம் நிலைக்குப் போனால் கிரிட் வேறொரு நிலையில் இருக்கும். மொத்தத்துக்கும் 4 என்று பெயர் வைத்து விற்பவருக்கு இது தெரியாது, இல்லையென்றால் தெரிந்தே விற்கிறார். இரண்டில் எதுவாக இருந்தாலும் அவரிடம் படிக்க ஒன்றுமில்லை. வேலை வாங்கித் தருகிறோம் என்று சேர்த்துச் சொல்பவர்களிடமும், ஆள் சேர்த்துவிட்டுக் கமிஷன் வாங்கும் இடைத்தரகர்களிடமும் இரண்டே கேள்வி கேளுங்கள்: நான் எழுதும் கோடை யார் படித்துத் திருத்துவார்? போன முறை படித்தவர் செய்த பக்கம் ஒன்றைக் காட்ட முடியுமா? வீடியோவைப் போட்டுவிட்டுச் சான்றிதழ் அச்சடிப்பதோடு வேலை முடிந்தது என்றால் அந்தப் பணம் உங்களுக்குத் திரும்பிவராது. பணம் இல்லாமல் படிக்க மொசில்லா தொடங்கிய எம்டிஎன் தளம் இருக்கிறது. நான் தினமும் திறப்பது அதைத்தான். ஃப்ளெக்ஸுக்கு ஃப்ளெக்ஸ்பாக்ஸ் ஃபிராகி, கிரிட்டுக்கு கிரிட் கார்டன் என்று இரண்டு விளையாட்டுகள், இரண்டும் இலவசம்.

மலிவு டெம்ப்ளேட் விற்பவர்களிடம் இன்னொரு கேடு உண்டு. பக்கத்தைப் போன் திரைக்குப் பொருத்தும் வியூபோர்ட் வரியில் ‘யூசர்-ஸ்கேலபிள்=நோ’ என்று எழுதி, விரலால் பெரிதாக்கிப் பார்ப்பதையே தடுக்க முயல்வார்கள். லேஅவுட் உடைவதை மறைக்க இது ஒரு குறுக்குவழி. கண் மங்கியவர்கள் அந்தப் பக்கத்தைப் படிக்க முடியாமல் போகும். உங்களிடம் அப்படி இருந்தால் அழித்துவிட்டு, ‘விட்த்=டிவைஸ்-விட்த், இனிஷியல்-ஸ்கேல்=1’ மட்டும் வையுங்கள். வியூபோர்ட் வரி இல்லவே இல்லை என்றால் போன் உங்கள் பக்கத்தை 980 பிக்சல் அகலமுள்ளதாக எண்ணிச் சுருக்கிக் காட்டும், எழுதிய மீடியா குவெரியும் வேலை செய்யாததுபோல் தோன்றும்.

எல்லாம் மாற்றி முடித்ததும் லேப்டாப்பிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். பிரவுசர் சாளரத்தை 1280 பிக்சல் அகலத்துக்கு வைத்து 400% பெரிதாக்கினால், பக்கத்துக்குக் கிடைக்கும் இடம் 320 பிக்சல்தான். அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டுதலும் இந்த அளவையே வைத்திருக்கிறது. அந்த நிலையில் பக்கவாட்டு ஸ்க்ரோல்பார் வராமல், மூன்று பெட்டிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றால் உங்கள் பக்கம் தயார். வந்தால், சிவப்பு அவுட்லைனை மறுபடி போட்டுப் பாருங்கள். எந்தப் பெட்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதோ அங்கே பெரும்பாலும் பிக்சலில் எழுதிய ஓர் அகலம் ஒளிந்திருக்கும்.