தொட்டி நிரம்பி வழியாமல் மோட்டாரை நிறுத்துவது: கேள்வி பதில்

மீன் தொட்டிக்கு ஐந்நூறு ரூபாய்க்குள் ஒரு கட்-ஆஃப் செய்துகொள்ளலாம் என்று நான் சொன்னதிலிருந்து கேள்விகள் குவிந்துவிட்டன. வயரிங் என் தொழில், அது சம்பந்தப்பட்டதற்கு விரிவாகச் சொல்கிறேன். முதலிலேயே எல்லோருக்கும் பொதுவாக ஒன்று: அதில் வரும் சின்ன ஃப்ளோட் ஸ்விட்ச் (நீர்மட்டத்தோடு ஏறி இறங்கும் மிதவை ஸ்விட்ச்) வழியாக 230 வோல்ட்டை விடாதீர்கள்.

வில்லாபுரத்திலிருந்து: அண்ணே, என்னென்ன வாங்கணும், எப்படி இணைக்கணும்?

ஒரு ஃப்ளோட் ஸ்விட்ச், 12 வோல்ட் ரிலே (உள்ளே இருக்கும் காயிலுக்குச் சின்ன கரண்ட் கொடுத்தால் பெரிய கரண்டை இணைக்கும் ஸ்விட்ச்), 1என்4007 டயோடு, மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி. மதுரை டவுன் ஹால் ரோடு பக்கம் எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடைகளில் கேளுங்கள் தம்பி. பழைய செட்-டாப் பாக்ஸ் அடாப்டர் வீட்டில் கிடந்தால் அதில் 12 வோல்ட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள், அதுவே போதும்.

ஃப்ளோட்டின் தண்டுக்குள் கண்ணாடிக் குழாயில் இரண்டு மெல்லிய உலோக நாக்குகள் இருக்கின்றன. மிதவையில் உள்ள காந்தம் பக்கத்தில் வரும்போது அவை ஒன்றையொன்று தொடும். அவ்வளவு நுணுக்கமான சாமான் சுமார் 10 வாட்தான் தாங்கும். மோட்டாரை நேரே அதில் கோர்த்தால், ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கும் கரண்டில் அந்த நாக்குகள் பற்றவைத்த மாதிரி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் தண்ணீர் எவ்வளவு ஏறினாலும் திறக்காது, மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். ரிலே காயில் இழுப்பது 30 மில்லி ஆம்பியர் அளவுதான் என்பதால் ஃப்ளோட் அதை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும். மோட்டாரை ரிலேயின் கான்டாக்ட் பார்த்துக்கொள்ளும்.

டயோடைக் காயிலின் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே போடுங்கள், கோடு போட்ட பக்கம் பிளஸ்ஸுக்கு. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை ரிலே விடும்போதும் காயில் உதைக்கும் மின்னழுத்தம் ஃப்ளோட்டுக்குள் தீப்பொறியாகப் போகும்.

இப்போது முக்கியமான இடம். தண்ணீர் தாழ்வாக இருக்கும்போது ஃப்ளோட் மூடியிருக்க (நாக்குகள் தொட்டபடி இருக்க) வேண்டும், ரிலே இழுத்திருந்தால்தான் மோட்டார் ஓட வேண்டும். அதாவது என்.ஓ. கான்டாக்ட்டில் (ரிலே இழுக்காதபோது திறந்திருப்பது) மோட்டார். இப்படிப் போட்டால் அடாப்டர் செத்தாலும், வயரை எலி கடித்தாலும், மோட்டார் நின்றுவிடும். மாற்றிப் போட்டால் அடாப்டர் செத்த அன்றைக்குப் பாதுகாப்பே இல்லை, அது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. ஃப்ளோட்டின் திசை மாறியிருந்தால் கிளிப்பைக் கழற்றி மிதவையைத் தலைகீழாக மாட்டுங்கள்.

திருநகரிலிருந்து: சார், ஆறு மாதம் நன்றாக வேலை செய்தது, இப்போது ஃப்ளோட் நகரவே இல்லை.

போர் தண்ணீரா? அப்படியானால் தண்டில் உப்புப் படிந்திருக்கும். வினிகரில் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி மாட்டுங்கள். நத்தை ஏறி உட்கார்ந்தாலும் இதே கதைதான். ஒன்றரை இஞ்ச் பிவிசி குழாய்த் துண்டில் கீழே ஓட்டைகள் போட்டு அதற்குள் ஃப்ளோட்டை வைத்தால் நத்தை, பாசி, ஃப்ளவர்ஹார்ன் மீனின் கடி எல்லாவற்றுக்கும் ஓரளவு தடுப்பு. மாதம் ஒரு தடவை கையால் தூக்கிவிட்டு மோட்டார் நிற்கிறதா என்று பாருங்கள். சோதிக்காத கட்-ஆஃபை நம்பி ஊருக்குப் போகாதீர்கள்.

உசிலம்பட்டியிலிருந்து: ரிலே எதற்கு அண்ணே, என் மோட்டார் 18 வாட்தான், ஃப்ளோட்டில் நேராகவே கொடுத்துவிடலாமா?

கூடாது. முதல் பதிலைப் படியுங்கள்.

கே.கே. நகரிலிருந்து: தொட்டிக்கு அடியில் சம்ப் (மேல் தொட்டித் தண்ணீர் வந்து சேரும் இரண்டாவது தொட்டி) வைத்திருக்கிறேன். கரண்ட் போனால் தரையெல்லாம் தண்ணீர். இந்த ஸ்விட்ச் தடுக்குமா?

தடுக்காது. கரண்ட் போன பிறகு கட்-ஆஃப் என்ன செய்ய முடியும்? மேல் தொட்டியிலிருந்து வழிந்து இறங்கும் தண்ணீருக்கு சம்ப்பில் காலி இடம் இருக்க வேண்டும். நாலடிக்கு ஒன்றரை அடி தொட்டியில் ஒரு இஞ்ச் தண்ணீர் என்பது 14 லிட்டர். மோட்டார் குழாயின் வாய் தண்ணீருக்குள் ஆழமாக இருந்தால் சைபன் பிடித்து (தண்ணீர் தானாகவே குழாய் வழியாகத் திரும்பி இறங்கி) இன்னும் கீழே வரை இழுக்கும், அதனால் நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே அந்தக் குழாயில் ஒரு சின்ன ஓட்டை போடுங்கள். அந்த ஓட்டையில் பாசி அடைக்காமல் பார்ப்பது உங்கள் பொறுப்பு. கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே ஹோஸில் இணைத்து வைப்பது) வைத்திருப்பவர்களுக்கும் சொல்கிறேன், ஹோஸ் கழன்றால் மோட்டாரை நிறுத்தியும் பயனில்லை, சைபன் ஓடும்.

திருமங்கலத்திலிருந்து: ஒருமுறை கட் ஆனால் நாம் பட்டனை அழுத்தும் வரை ஓடக்கூடாது, அதுதான் உண்மையான பாதுகாப்பு. நீங்கள் ஏன் அதைச் சொல்லவில்லை?

நல்ல கேள்வி, ஆனால் எல்லா மோட்டாருக்கும் ஒரே பதில் கிடையாது. வெளியிலிருந்து புதுத் தண்ணீர் கொண்டுவரும் மோட்டார், ஆர்.ஓ. லைன், டாப்-அப் இவற்றுக்கு நீங்கள் சொல்வதுதான் சரி, நின்றது நின்றதாகவே இருக்கட்டும். உள்ளே இருக்கும் தண்ணீரையே சுற்றவிடும் ஃபில்டர் மோட்டாருக்கு அது ஆபத்து. பட்டன் வைத்த சர்க்யூட் கரண்ட் போனாலே விட்டுவிடும். மாதாந்திரப் பராமரிப்பு என்று பகலெல்லாம் கரண்ட் இல்லாத நாளில் நீங்கள் வேலைக்குப் போயிருந்தால், கரண்ட் வந்த பிறகும் ஃபில்டர் ஓடாது.

திருமங்கலம் மறுபடி: அப்படியானால் தண்ணீர் வடியும் வழியில் அடைப்பு வந்த இரவில் மோட்டார் நின்று நின்று ஓடிக்கொண்டே இருக்குமே? ரிலே என்ன ஆவது?

ஆகும், ஒரே ஃப்ளோட் வைத்தால். அதற்காகப் பட்டனுக்குப் போக வேண்டாம், இரண்டாவது ஃப்ளோட்டுக்குப் போங்கள். கீழ் ஃப்ளோட் வழக்கமான நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, மேல் ஃப்ளோட் அதற்கும் ஒரு இஞ்ச் மேலே. இதற்கு வேண்டிய ரிலே 8 பின், இரண்டு செட் கான்டாக்ட் உள்ளது. ஒரு செட்டின் என்.ஓ. கான்டாக்ட்டைக் கீழ் ஃப்ளோட்டுக்கு இணையாகக் கொடுத்து, அந்த ஜோடியை மேல் ஃப்ளோட்டோடு வரிசையில் காயிலுக்குக் கொண்டுபோங்கள். மற்ற செட்டில் மோட்டார். தண்ணீர் கீழ் ஃப்ளோட்டைத் தாண்டினாலும் ஓடும், மேல் ஃப்ளோட்டைத் தொட்டால் நிற்கும், கீழ் ஃப்ளோட்டுக்கும் கீழே இறங்கினால்தான் மறுபடி ஓடும். மோட்டார் குழாய் தண்ணீருக்கு மேலிருந்து விழும்படி இருந்தால் சைபனே கிடையாது. அடைப்பு நீங்கும் வரை மட்டம் இறங்காது, மோட்டாரும் ஓடாது. கரண்ட் போய் வந்தால் தானாகவே ஓடும். பட்டன் தரும் பாதுகாப்பு இதிலேயே வந்துவிடுகிறது.

அனுப்பானடியிலிருந்து: இரவெல்லாம் மோட்டார் நின்றால் மீன் செத்துவிடாதா? திருமங்கலம் சார் சொல்வது எனக்குப் பயமாக இருக்கிறது.

பயம் நியாயம். 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும் என்றால் 30 டிகிரியில் ஏழரைதான் பிடிக்கும். நம் ஊர் மே மாதத்தில் தொட்டி அதற்கும் மேலே போகும். அதனால் ஏர் பம்ப்பை இந்தக் கட்-ஆஃபில் சேர்க்கவே கூடாது, தனி பிளக்கில் ஓடட்டும். ஏர் பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், இல்லாவிட்டால் டியூபில் செக் வால்வ் (ஒரு பக்கம் மட்டும் போகவிடுவது) போடுங்கள்.

மேலூரிலிருந்து: வைஃபை பிளக்கில் செய்யலாமா?

மோட்டார் நின்றது என்று போனுக்குச் செய்தி வர வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தும் வேலையை அதனிடம் கொடுக்காதீர்கள்.

அவனியாபுரத்திலிருந்து: என் கோல்டுஃபிஷ் வயிறு வீங்கியிருக்கிறது.

எனக்குத் தெரியாத துறை. மீன் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

திருப்பரங்குன்றத்திலிருந்து: 230 வோல்ட் தாங்கும் ஃப்ளோட் என்று ஒன்று வருகிறதே, அதை நேரே போடலாமா?

மொட்டை மாடித் தொட்டிக்கு வரும் கேபிள் ஃப்ளோட்டைச் சொல்கிறீர்கள். அது தாங்கும். ஆனால் அது மேலும் கீழும் ஆட ஒரு அடிக்குப் பக்கமாக இடம் கேட்கும், உங்கள் தொட்டியில் ஒரு இஞ்ச் வித்தியாசத்தை அது பார்க்காது. அதோடு கை விடும் தண்ணீரில் 230 வோல்ட் கேபிள் எதற்கு? 12 வோல்ட்டிலேயே முடித்துவிடுங்கள். ரிலே பெட்டியைத் தரையில் வைக்காமல் சுவரில், தொட்டியின் மட்டத்துக்கு மேலே அடியுங்கள். ஒவ்வொரு வயரையும் பிளக்குக்கு முன்னால் ஒரு வளைவு கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள், வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே சப்ளையைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லையென்றால் கட்-ஆஃப் செய்வதற்கு முன்னால் அதைப் போடுங்கள். கட்-ஆஃப் தரையைக் காப்பாற்றும், உங்களைக் காப்பாற்றுவது அதுதான்.