துறுதுறு டெரியருக்கு எவ்வளவு சாப்பாடு?

கேள்வி: நாங்கள் ஒத்தக்கடையில் இருக்கிறோம். ஒன்றே கால் வயதுள்ள ஆண் ஜாக் ரஸ்ஸல் டெரியர் வளர்க்கிறோம். எடை 6 கிலோ. விடிந்ததிலிருந்து மொட்டைமாடியில் ஓட்டம்தான். காலையில் பாலும் நாலு பிஸ்கட்டும், மதியம் தயிர்சாதம், இரவில் கோழிக்கறி போட்ட சாதம் கொடுக்கிறோம். தடவிப் பார்த்தால் விலா எலும்பு தட்டுப்படுகிறது. குட்டியை வாங்கித் தந்த புரோக்கர், 'இந்த ஜாதிக்கு வெளிநாட்டுத் தீவனம்தான் ஒத்துக்கொள்ளும்' என்று, தானே பொட்டலம் கட்டிய தீவனத்தையும் கால்சியம் சிரப்பையும் லிவர் டானிக்கையும் மாதாமாதம் கொண்டுவந்து தருகிறார். அடிக்கடி மலம் இளகிப் போகிறது. சத்து போதவில்லையா?

பதில்: விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், அம்மா. அழுத்தித் தேடினால்தான் கிடைக்கிறது என்றால் நாய் பருத்துவிட்டது. தள்ளி நின்று பார்க்கும்போதே எல்லா எலும்பும் எண்ணக்கூடியதாக இருந்தால் இளைத்துவிட்டது. மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கித் தெரிய வேண்டும். சிப்பிப்பாறை நாயின் ஒட்டிய வயிற்றைப் பார்த்து நம் பக்கத்தில் யாரும் பரிதாபப்படுவதில்லை. சின்ன நாய் என்றால் மட்டும் உருண்டையாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

உங்கள் நாய்க்குச் சத்துக் குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை. இங்கிலாந்தில் வளைக்குள் இருக்கும் நரியை விரட்டுவதற்கென்றே 19ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய இனம் அது. ஓட்டம் அதன் பிறவிக்குணம். ஓடுகிறதே என்று இரண்டு மடங்கு போட வேண்டியதில்லை. 6 கிலோ எடைக்கு நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 480 கலோரி போதும். இரண்டு பரோட்டாவும் சால்னாவும் அதைத் தாண்டிவிடும். நாலு பிஸ்கட்டே சுமார் 100 கலோரி, அதாவது ஒரு நாள் தேவையில் ஐந்தில் ஒரு பங்கு. அதில் சர்க்கரையும் மைதாவும் தவிர என்ன இருக்கிறது?

மலம் இளகுவதற்கு முதல் சந்தேகம் பால்மீதுதான். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிப்பதில்லை. பாலையும் பிஸ்கட்டையும் இன்றே நிறுத்துங்கள். தயிர் இரண்டு ஸ்பூன் கொடுக்கலாம். ஆனால் வெறும் தயிர்சாதம் ஒரு வேளை உணவாகாது, அதில் புரதம் போதாது.

இரண்டாவது சந்தேகம் அந்தப் பொட்டலம். பெரிய மூட்டையைப் பிரித்து, பிளாஸ்டிக் பையில் கட்டி விற்கும் தீவனத்தில் தயாரிப்புத் தேதி இல்லை, காலாவதித் தேதி இல்லை, உள்ளே என்ன என்ற விவரமும் இல்லை. திறந்துவைத்த தீவனத்தின் கொழுப்பு மதுரை வெயிலில் சீக்கிரம் காறிப்போகும். ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். பையைத் திறந்து முகர்ந்து பாருங்கள், பழைய எண்ணெய்ச் சட்டி வாடை அடிக்கும். வெளிநாட்டுச் சரக்கு என்று அவர் சொல்வதற்கு அவர் வாய்தான் அத்தாட்சி. நாய் வளர்ப்பு, விற்பனைக்கு மத்திய அரசு 2017இல் விதிகள் கொண்டுவந்தது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, வளர்ப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. கண் திறந்து சில நாளே ஆன குட்டியை அட்டைப்பெட்டியில் வைத்து பஸ் நிலையத்தில் கைமாற்றுகிறார்கள். எந்த அதிகாரி கேட்டார்? வாங்கும்போது பதிவு எண்ணைக் கேட்டவர் உங்களில் எத்தனை பேர்? குட்டியோடு சேர்ந்து டானிக் வியாபாரமும் உள்ளே வருவது இப்படித்தான். லிவர் டானிக்கைத் தூக்கிப் போடுங்கள். நோயில்லாத நாய்க்கு அது எதற்கு?

கால்சியம் சிரப்பையும் நிறுத்துங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன். முழுமையான, சமச்சீரான உணவு என்று அச்சிட்ட நல்ல தீவனம் சாப்பிடும் நாய்க்குக் கூடுதல் கால்சியம் தேவையில்லை. வளரும் குட்டிக்கு அது கெடுதலும் செய்யும். ஆனால் வீட்டுச் சாப்பாடு மட்டும் தின்னும் நாயின் கதை வேறு. கறியிலும் சோற்றிலும் கால்சியம் மிகக் குறைவு, பாஸ்பரஸ் அதிகம். கணக்கு பொருந்தாவிட்டால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவத் தொடங்கும். அதற்காக வெந்த எலும்பைப் போடாதீர்கள், அது சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். முட்டை ஓட்டைக் கழுவி, கொதிக்கவைத்து, காயவைத்து மிக்சியில் மாவாக அரையுங்கள். தலைதட்டிய கால் டீஸ்பூனில் சுமார் 500 மில்லிகிராம் கால்சியம் இருக்கும். உங்கள் நாய்க்கு நாளுக்கு அவ்வளவுதான். நறநறவென்று இருந்தால் திரும்ப அரையுங்கள். பாதி தீவனம், பாதி வீட்டுச் சாப்பாடு என்றால் இதிலும் பாதி. சிறுநீரகக் கோளாறுள்ள நாய்க்கு இந்தப் பொடியை மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

முழு நாளுக்கும் வீட்டில் சமைப்பதென்றால்: தோலும் எலும்பும் இல்லாத வெந்த கோழி 120 கிராம், சோறு 120 கிராம், ஒரு வெந்த முட்டை, பரங்கியோ கேரட்டோ பீன்ஸோ ஒரு கைப்பிடி, எண்ணெய் ஒரு டீஸ்பூன். இதைக் காலை ஏழு மணிக்குள் பாதி, பொழுது சாய்ந்தபின் பாதி கொடுங்கள். இதிலும் துத்தநாகம், சில வைட்டமின்கள் குறையும். அதனால் ஒரு வேளை சீல் பிரிக்காத பாக்கெட் தீவனம் 65 கிராம், ஒரு வேளை மேலே சொன்னதில் பாதி என்பதே நான் சொல்லும் வழி. டம்ளரில் அளக்காமல் தராசில் நிறுங்கள். புது உணவுக்கு ஒரு வாரத்தில் சிறிது சிறிதாக மாற்றுங்கள்.

இரவுக் கோழிக்கறியை உங்கள் குழம்பிலிருந்து எடுத்துப் போடுகிறீர்களா என்று எழுதவில்லை. அப்படியென்றால் நிறுத்துங்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும்; கடைச் சால்னாவில் அவை இரண்டும்தானே பாதி? திராட்சை, உலர் திராட்சை, சாக்லேட் கூடாது. கறி விருந்து முடிந்த மறுநாள் கணையம் வீங்கி வாந்தியோடு வரும் சின்ன நாய்களை எங்களால் தவிர்க்க முடிவதில்லை. கொழுப்புத் துண்டுகளைத் தட்டிலிருந்து வீசுவது யார் என்று வீட்டில் விசாரியுங்கள்.

பாலை நிறுத்தி ஒரு வாரமாகியும் மலம் இறுகாவிட்டால், காலை மலத்தில் சிறிது எடுத்து மூடியுள்ள டப்பாவில் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். குடற்புழு இருந்தால் தெரிந்துவிடும். நாய் திடீரென்று சாப்பிட மறுத்தால் தீவனத்தின் பெயரை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். உதட்டை விலக்கி ஈறைப் பாருங்கள். வெளிறியிருந்தால், அல்லது காதுமடலுக்குள் உண்ணி தெரிந்தால், அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். உண்ணிக் காய்ச்சலுக்கு டானிக் கொடுத்து ஒரு வாரத்தை வீணாக்கிவிட்டு வருபவர்கள்தான் அதிகம்.