மெசேஜைப் பார்த்து லாச்சியைத் திறக்காதீர்கள்

கேள்வி: கோண்டாவிலில் வீதியோரம் சின்னக் கடை வைத்திருக்கிறேன். ரீலோட், கொப்பி, பிஸ்கட் வியாபாரத்தோடு சில மாதங்களாக ஈசி கேஷும் (போன் கணக்கு வழியாகக் காசு அனுப்புவதும் எடுப்பதும்) செய்கிறேன். போன கிழமை ஒரு பொடியன் வந்து, "அக்கா, உங்கட நம்பருக்கு எட்டாயிரம் போட்டிட்டன், காசைத் தாங்கோ" என்றான். என் போனுக்கும் மெசேஜ் வந்தது. கொடுத்துவிட்டேன். இரவு பார்த்தால் கணக்கில் அந்தக் காசு ஏறவே இல்லை. இந்த வேலையை விட்டுவிடவா?

பதில்: விட வேண்டாம். வங்கிக்கு பஸ் ஏறிப் போக முடியாத எத்தனையோ பேருக்கு உங்கள் கடைதான் வங்கி. செய்யும் முறையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த எட்டாயிரம். மெசேஜை அழிக்காதீர்கள். எந்த இலக்கத்தில் இருந்து எத்தனை மணிக்கு வந்தது என்று குறித்து, ஈசி கேஷை நடத்தும் டயலொக் கம்பனியின் வாடிக்கையாளர் சேவைக்குச் சொல்லுங்கள். பொலிஸில் முறைப்பாடு பதியுங்கள். இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரச அமைப்பான இலங்கை சேர்ட்டின் 101 இலக்கத்திலும் ஆலோசனை கேட்கலாம். கையால் கொடுத்த காசு திரும்பி வருவது கடினம்தான். ஆனால் அந்தப் பொடியன் அடுத்த சந்தியிலும் இதையே செய்வான், அதனால் முறைப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம், ஏமாந்தது எப்படி என்று பார்ப்போம். ஈசி கேஷ் 2012 முதல் இருக்கிறது. காசு வந்தால் எப்படி மெசேஜ் வரும் என்பது பாவிக்கிற எல்லோருக்கும் தெரியும். அதே வசனத்தைத் தட்டச்சு செய்து தன் போனில் இருந்து அனுப்ப ஒரு நிமிடம் போதும். அனுப்பியவர் பெயரைக்கூடப் போலியாகக் காட்ட முடியும். போலியாக்க முடியாதது உங்கள் கணக்கு மீதி ஒன்றுதான். ஆகவே #111# அடித்து உங்கள் மீதியை நீங்களே பாருங்கள். ஏறியிருந்தால் கொப்பியில் எழுதுங்கள். அதற்குப் பிறகுதான் லாச்சி. "பஸ் வந்திட்டுது, கெதியாத் தாங்கோ" என்று அவசரப்படுத்துபவரிடம் இன்னும் ஆறுதலாகப் பாருங்கள்.

அந்தக் கொப்பியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தொழிலின் உயிரே அதில்தான் இருக்கிறது. காலையில் கையில் 40,000 ரூபாய், போன் கணக்கில் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 60,000. ஒருவர் 5,000 ரூபாய் தந்து மகனுக்கு அனுப்பச் சொல்கிறார்: கையில் 45,000, போனில் 15,000. இன்னொருவர் 8,000 ரூபாய் எடுக்கிறார்: கையில் 37,000, போனில் 23,000. காசு இடம் மாறுகிறதே தவிர கூட்டுத்தொகை 60,000தான், உங்கள் கமிஷன் மட்டும் அதற்கு மேலே சேரும். அந்தப் பொடியன் வந்த அன்று உங்களுக்குக் கையில் 8,000 குறைந்தது, போனில் ஒன்றும் கூடவில்லை. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் ஒரு வரி எழுதும் பழக்கம் இருந்திருந்தால், கொடுப்பதற்கு முன்பே அது கண்ணில் பட்டிருக்கும்.

இந்தக் கணக்கு சரிவர, ஈசி கேஷ் காசைக் கடைக் காசோடு கலக்காதீர்கள். ஒரு பழைய பிஸ்கட் டின் போதும். ஐயாயிரம் ரூபாய்த் தாள் வந்தால் டின்னில் போட முன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், தாளில் உள்ள பறவை நீர்க்குறியாகத் தெரிய வேண்டும்.

அனுப்பும் இலக்கத்தைக் காதால் கேட்டு அடிக்காதீர்கள். துண்டில் எழுதி வாங்கி, பத்து இலக்கத்தையும் திருப்பி வாசித்துக் காட்டுங்கள்.

வயதானவர்கள் விஷயம் என் மனதுக்கு நெருக்கமானது. ஆச்சி ஒருவர் போனை நீட்டி, "பிள்ளை, நம்பர் பின்னால ஒட்டியிருக்கு, நீயே போட்டு எடு" என்பார். கவருக்குள் சின்னத் துண்டில் அவருடைய கணக்கின் நாலு இலக்க இரகசிய எண் இருக்கும். அன்பில்தான் தருகிறார். இருந்தாலும் நாளை வேறு யாராவது எடுத்தாலும் பழி உங்கள் மேல் விழும். போனை அவர் பக்கம் திருப்பி, "நீங்களே அமத்துங்கோ அம்மா" என்று காட்டிக் கொடுங்கள். கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையோடு வரச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் எங்கள் ஊரில் இது நிச்சயம் வரும். "உங்கட நம்பருக்கு ஆக்கள் காசு போடுவினம், நான் சொல்லுற ஆளிட்டைக் கையில குடுங்கோ, உங்களுக்கும் ஒரு பங்கு தாறன்" என்று வெளிநாட்டில் இருந்து ஒரு அழைப்பு வரலாம். வெளிநாட்டுக் காசை வங்கி வழியாக இல்லாமல் கைமாற்றும் உண்டியல்காரர் கடைக்குள் நுழையும் வழி அது. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டமும் 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடைச் சட்டமும் இருக்கின்றன. கணக்கு உங்கள் அடையாள அட்டையில் திறந்தது. விசாரணை வந்தால் முதலில் தேடப்படுவது நீங்கள். கேட்பது சொந்த மச்சானாக இருந்தாலும், வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்லி போனை வையுங்கள்.