ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய கார்: குமரி மாவட்டத்தில் வாங்கும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பத்து வருடம் தாண்டிய, ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய காரை நாகர்கோவில் பக்கம் வாங்கப் பார்ப்பதாகவும், இன்ஜினில் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இன்ஜினுக்கு அப்புறம் வருகிறேன். நம் மாவட்டத்தில் பழைய வண்டி வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது வண்டியின் தகரத்தை, அதாவது இரும்புத் தகட்டு உடம்பை.

காரணம் இருக்கிறது. தேங்காப்பட்டணம், குளச்சல், முட்டம், மணக்குடி, சின்னமுட்டம் என்று கரை முழுக்க ஊர்கள்தான். உப்புக் காற்று வருடம் முழுவதும் அடிக்கிறது. தமிழ்நாட்டின் பல ஊர்களுக்குப் பெரிதாக ஒரு பருவமழை என்றால் நமக்கு ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என்று இரண்டும் உண்டு. உப்பும் ஈரமும் சேர்ந்தால் துரு நிற்காது. இன்ஜின் கெட்டால் மார்த்தாண்டத்திலும் கோட்டாறிலும் அதைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த கை இருக்கிறது. செலவு ஆகும், ஆனால் வண்டி திரும்ப ஓடும். தரைத் தகடும் சேஸும் (வண்டியைத் தாங்கும் சட்டம்) அரித்துப்போன வண்டிக்கு வெல்டிங் வைத்து ஒட்டுப் போடலாமே தவிர, கம்பெனி கொடுத்த வலு திரும்ப வராது. நாளைக்கு ஒரு லாரி இடித்தால் உள்ளே இருக்கும் பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டியது அந்தத் தகடுதான். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தக்கலையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர், யார் வண்டி காட்டினாலும் "மக்களே, பானெட்ட திறக்கதுக்கு முன்னால டிக்கியத் திற" என்பார். டிக்கியில் விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னியை வெளியே எடுத்து, அது கிடக்கும் குழியைப் பார்ப்பார். தண்ணீர் தேங்கிய கறை, செதில் செதிலாக உரியும் துரு, புதிதாக அடித்த பெயின்ட், எதுவானாலும் அங்கே தெரிந்துவிடும். அப்புறம் முன் சீட்டுக்குக் கீழே மிதியடியை எடுத்துவிட்டுக் கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். நான்கு கதவின் கீழ் ஓரத்தையும் விரலால் தடவுங்கள். கதவுக்கு அடியில் ஓடும் பெட்டி போன்ற பகுதியை ஸ்க்ரூடிரைவர் பிடியால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீர் என்று கேட்கும், உள்ளே அரித்திருந்தால் சத்தம் செத்துப்போகும். பானெட்டைத் திறந்ததும் பேட்டரித் தட்டையும், முன் ஷாக் அப்சார்பரின் தலை உட்காரும் இடத்தையும் பாருங்கள். அந்த இடத்தில் துரு ஓட்டை கண்டால் விலை பேசவே வேண்டாம், கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

சைலன்சர் பைப்பிலும் சஸ்பென்ஷன் போல்ட்டுகளிலும் மேலாகப் படிந்த பழுப்பு நிறத் துரு இருந்தால் பயப்படத் தேவையில்லை. அது எல்லா வண்டியிலும் இருக்கும். பயப்பட வேண்டியது, விற்பதற்கு முந்தின வாரம் அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பு கோட்டிங் அடித்துப் பளபளவென்று நிற்கும் வண்டியைப் பார்த்துத்தான். கோட்டிங் நல்ல விஷயம்தான். ஆனால் துருவின் மேல் அடித்தால் அதை மறைக்கும், நிறுத்தாது. மெல்லிய துணி சுற்றிய சின்னக் காந்தம் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கதவிலும் பின் சக்கரத்துக்கு மேலேயும் வைத்துப் பாருங்கள். அரிப்பையோ ஒடுக்கையோ மூடப் பட்டி கனமாகப் பூசிய இடத்தில் ஒட்டாது. பம்பர் பிளாஸ்டிக், அங்கே ஒட்டாதது கணக்கில்லை.

பிரேக் பைப்பை மறக்க வேண்டாம். அடியில் ஓடும் அந்த மெல்லிய இரும்புக் குழாய் கடலோர வண்டிகளில் அரித்திருப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். வண்டியைக் குழியிலோ லிஃப்டிலோ ஏற்றினால்தான் அது தெரியும். ஏற்ற விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் அதுவே பதில்.

இதோடு சேர்ந்தது வெள்ளம். நம் ஊருக்கு விற்க வரும் வண்டிகளில் சென்னை வண்டியும் கேரள வண்டியும் நிறைய. 2015 டிசம்பரில் சென்னை, 2018 ஆகஸ்டில் கேரளம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் மறுபடியும் சென்னை, அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி என்று பெரிய வெள்ளங்கள் வந்தன. அந்த டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. 2021 நவம்பரில் நம் மாவட்டமே தண்ணீரில் நின்றது. எனவே அந்த மாதங்களில் வண்டி எந்த ஊரில் இருந்தது என்று கேளுங்கள். பதிலை மட்டும் நம்பாமல் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வண்டியை எவ்வளவு கழுவினாலும் பெல்ட்டின் அடி முனையில் சேற்றுக் கறை தங்கிவிடும். சீட்டின் ரெயிலையும், அதைப் பிடித்திருக்கும் போல்ட்டையும், ஃபியூஸ் பாக்ஸின் உட்புறத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசி போடாமல் சிறிது நேரம் உள்ளே உட்கார்ந்தால் பூஞ்சை வாடை மூக்குக்கு எட்டும். வாசனைத் திரவியம் தூக்கலாக மணந்தால் இன்னும் கவனம். தண்ணீரில் மூழ்கிய வண்டியின் வயரிங் ஒரு வருடம் கழித்துக்கூடக் கோளாறு காட்டும்.

இனி கிலோமீட்டர். ஒன்றரை லட்சம் என்ற எண்ணைப் பார்த்துப் பலர் பின்வாங்குகிறார்கள். நான் அப்படிப் பார்ப்பதில்லை. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்குத் தினமும் வேலைக்குப் போய்வரும் ஒருவர் ஒரு நாளில் ஏறக்குறைய 130 கிலோமீட்டர் ஓட்டுவார். வருடத்துக்கு 300 நாள் என்றால் 39,000. நான்கே வருடத்தில் ஒன்றரை லட்சம் தாண்டிவிடும். ஆனால் அந்த ரோடு எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். குழித்துறை, களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று ஊருக்கு ஊர் நெரிசலும் வளைவும். அப்படி ஓடிய வண்டியில் கிளட்ச், பிரேக், முன் சஸ்பென்ஷன் மூன்றும் இன்ஜினைவிட அதிகம் களைத்திருக்கும். அதே ஒன்றரை லட்சத்தை மதுரை, சென்னை என்று நாற்கரச் சாலையில் ஓடித் தீர்த்த வண்டியில் இன்ஜினும் கியரும் நன்றாகவே இருக்கும். ஆகவே எவ்வளவு என்பதோடு எங்கே ஓடியது என்றும் கேளுங்கள்.

மீட்டரைத் திருப்பியிருக்கிறார்களா என்று பார்க்க வண்டியே சாட்சி சொல்லும். மீட்டரில் 60,000 என்று காட்டி, கிளட்ச் பெடலின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து, ஸ்டியரிங் பளபளத்து, டிரைவர் சீட்டின் வெளி ஓரம் அமுங்கிக் கிடந்தால் கணக்கு உதைக்கிறது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் விவரம் இருக்கும். வண்டி உரிமையாளரைக் கூடவே கூட்டிப்போய்க் கேட்டால், எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டர் என்று தெரிந்துவிடும். ஆர்சியில் (பதிவுச் சான்றில்) இது முன்பு டாக்ஸியாக இருந்து சொந்த உபயோகத்துக்கு மாறிய வண்டியா என்றும் பாருங்கள். கன்னியாகுமரிக்குச் சுற்றுலா ஆட்களை ஏற்றி இறக்கிய வண்டிகள் நம் பக்கம் அப்படி விற்பனைக்கு வருவதுண்டு.

மாறாக, வளைகுடாவில் வேலை பார்க்கும் ஒருவரின் வீட்டு ஷெட்டில் நின்ற, பத்து வருடத்தில் 25,000 மட்டுமே ஓடிய வண்டி கிடைத்தால் ஆசையாகத்தான் இருக்கும். வாங்கலாம். ஆனால் நின்ற வண்டியில் ரப்பர் எல்லாம் காய்ந்திருக்கும், டயர் பார்க்கப் புதிதாக இருந்தும் பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருக்கும், வயரை எலி கடித்திருக்கும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2316 என்றால் 2016-ம் வருடத்தின் 23-வது வாரம் செய்தது. பட்டன் (ரோட்டில் படும் மேல்பகுதி) தேயாவிட்டாலும் அவ்வளவு பழைய டயரை மாற்றித்தான் ஆக வேண்டும்.

சரி, இன்ஜின். நீங்கள் போகும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். முன்கூட்டியே சொல்லிவிட்டு, போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் காலையில் ஸ்டார்ட் ஆவதில் ஏதோ சிரமம் இருக்கலாம், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். குளிர்ந்த இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) நிறத்தோடு தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். கிணற்றுத் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஓட்டிய வண்டியில் செம்மண் நிறத்தில் கலங்கியிருக்கும். மேலே எண்ணெய் மிதந்தாலோ, ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறம் பால் கலந்த காபி நிறத்தில் படிந்திருந்தாலோ ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் தலைப்பகுதிக்குக் கீழே இருக்கும் அடைப்பு அட்டை) போயிருக்குமோ என்று சந்தேகம். மழைக்காலத்தில் குட்டித் தூரம் மட்டும் ஓடிய வண்டியில் மூடியில் லேசாக அப்படிப் படிவதுண்டு, அதனால் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் குச்சியையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஸ்டார்ட் செய்யும்போது இன்னொருவர் சைலன்சர் பக்கம் நிற்கட்டும். நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. டீசலில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது விடாமல் கரும்புகை கக்கினால் இன்ஜெக்டர், டர்போ, ஏர் ஃபில்டர் என்று தேட வேண்டும். வெள்ளைப் புகை காலையில் கொஞ்சம் வந்து மறைந்தால் ஈரம், நிற்காமல் வந்தால் கூலன்ட் எரிகிறது. ஓடும் இன்ஜினில் ஆயில் மூடியை மெல்லத் தளர்த்திப் பாருங்கள். மூடி துள்ளும்படி ஆவி வேகமாக வெளியே தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஒன்றரை லட்சம் ஓடிய வண்டியில் இந்த ஒரு சோதனைக்கு நான் மிகவும் மதிப்புக் கொடுப்பேன்.

இன்ஜினின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைப்பது டைமிங் பெல்ட்டா செயினா என்று தெரிந்துகொள்ளுங்கள். பழைய 796 சிசி ஆல்டோவிலும் சான்ட்ரோவிலும் பெல்ட். மாருதியின் கே சீரிஸ் பெட்ரோல் இன்ஜினிலும், ஸ்விஃப்ட் டிசையர் டீசலில் வந்த 1.3 லிட்டர் இன்ஜினிலும் செயின். பெல்ட் மாற்றிய பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு, வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள். செயின் வண்டியில் ஸ்டார்ட் ஆனதும் சில நொடிக்கு மேல் கடகட சத்தம் நீடித்தால் செயின் தளர்ந்திருக்கலாம்.

ஓட்டிப் பார்க்க டவுனுக்குள் ஒரு சுற்று போதாது. குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறை போகும் ரோட்டில் ஏற்றுங்கள். ஏற்றத்தில் மூன்றாவது கியரில் அழுத்தும்போது இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வண்டி ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் முடிந்தது. ஏசி போட்டு அரை மணி நேரம் ஓட்டி, டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்கிறதா என்று பாருங்கள். ரோட்டுக் குழிகளில் டக் டக் என்று கேட்டால் சஸ்பென்ஷனில் உள்ள லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ், இவை பெரிய செலவில்லை. விலையில் குறைத்துக் கேட்கலாம். ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறதா என்பதை மட்டும் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் வைத்துச் சோதிக்காதீர்கள். காற்றுக் காலத்தில் அங்கே நல்ல வண்டியையும் காற்று தள்ளும்.

கடைசியாகக் காகிதம். நம் மாவட்டத்தில் டிஎன் 74 நாகர்கோவில், டிஎன் 75 மார்த்தாண்டம். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் விலை குறைவு என்று கேஎல் (கேரளப் பதிவு) வண்டி வாங்குகிறவர்கள் உண்டு. அங்கே என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே வரி கட்டி, புது எண் வாங்கும் செலவைக் கூட்டிய பிறகும் லாபமாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். வேறு மாநில எண்ணோடு 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருக்கச் சட்டத்தில் இடமில்லை. மத்திய அரசின் எம்பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டு எத்தனையாவது உரிமையாளர், வண்டி மேல் கடன் உண்டா, இன்சூரன்ஸ், ஆர்சி முடியும் தேதி எல்லாம் பாருங்கள். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருடம். அதற்குப் பிறகு வண்டியைக் காட்டி 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சேஸ் எண்ணை வண்டியிலேயே பார்த்து ஆர்சியோடு ஒப்பிடுங்கள். கடலோர வண்டியில் அந்த எண்ணே துருவில் மங்கிப்போய், ஆர்டிஓ ஆபீசில் மாட்டிக்கொள்வதும் நடக்கிறது.

பெயர் மாற்றத்துக்கான 29, 30-ம் படிவங்களில் கையெழுத்து மட்டும் வாங்கிக் கையில் கொடுத்து, பெயரை அப்புறம் மாற்றிக்கொள்ளுங்கள் என்று இடைத்தரகர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கடன் இருந்த வண்டி என்றால் கடன் முடிந்ததைக் காட்டும் 35-ம் படிவமும் பேங்க் என்ஓசியும் வேண்டும். விபத்து நடந்தால் ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதை விற்பவரிடம் எடுத்துச் சொன்னால் அவரே பெயர் மாற்ற அவசரப்படுவார். பெயர் மாற உரிமையாளரின் மொபைலுக்கு ஓடிபி போகும் என்பதால், ஆர்சியில் பெயர் உள்ள உரிமையாளர் யாரென்றே தெரியாத வண்டியில் முன்பணம் கூடக் கொடுக்க வேண்டாம். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். பழையவரின் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காததற்குக் கிடைக்கும் தள்ளுபடி) உங்களுக்கு வராது, பிரீமியத்தில் அந்த வித்தியாசம் கட்ட வேண்டியிருக்கும்.

உங்கள் கையில் மூன்று லட்சம் இருந்தால் இரண்டு நாற்பதுக்குள் வண்டியைப் பாருங்கள். மீதி அறுபதாயிரம் டயர், பேட்டரி, பெல்ட், பிரேக், ஆயில் எல்லாவற்றுக்கும் முதல் மாதத்திலேயே போய்விடும். மாடலும் வருடமும் முடிவானதும் இங்கேயே எழுதுங்கள், அந்த வண்டிக்கென்று தனியாகப் பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன்.